நீங்க என்ன சனம்?

பஸ்ஸில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு சின்ன வார்த்தை. அதன் பூர்வீகம் 5000 வருஷத்துக்கு மேல்! கொஞ்சம் தோண்டிப் பார்ப்போமா ஃப்ரெண்ட்ஸ்?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு. சாயங்காலம் 5 மணி. காலேஜ் விட்டவர்கள், ஆபீஸ் விட்டவர்கள், மார்க்கெட் முடித்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குவிகிற நேரம். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிற பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில் என்று நீங்களும் தொற்றிக்கொள்கிறீர்கள்.

"உள்ள போங்க, உள்ள போங்க... யப்பா, எவ்ளோ சனம்!" என்று விசில் அடிக்கிறார் கண்டக்டர்.

எப்படியோ நெளிந்து வளைந்து ஒரு சீட் பிடித்தாச்சு. பக்கத்தில் ஒரு பெரியவர். மஞ்சப்பை, வெற்றிலை வாசம், நல்ல சிரிப்பு. "எந்த ஊருப்பா?" என்கிறார். சொல்கிறீர்கள். "யாரு மவன்?" அதையும் சொல்கிறீர்கள். அடுத்து மூணாவது கேள்வி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி வருகிறது.

"நீங்க... என்ன சனம்?"

கவனிச்சீங்களா? கண்டக்டர் சொன்னதும் சனம்தான். பெரியவர் கேட்டதும் சனம்தான். கண்டக்டரின் சனத்தில் பஸ்ஸில் ஏறின எல்லாரும் உண்டு. டிரைவர், கைக்குழந்தை, படியில் தொங்குகிற காலேஜ் பசங்க, எல்லாரும்! பெரியவரின் சனத்தில் ஒரு சில வீடுகள், ஒரு சில தெருக்கள் மட்டும். ஒரே வார்த்தை. ஒன்றில் ஊரே அடங்குகிறது, இன்னொன்றில் ஒரு தெருவோடு கதவு சாத்திக்கொள்கிறது. இது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் கல்கத்தா, ரோம், ஜெர்மனி எல்லாம் சுற்றிவிட்டு கடைசியில் நம்ம அதியமான்கோட்டை ஸ்டாப்பிலேயே இறங்க வேண்டியிருக்கிறது. டிக்கெட் எடுத்தாச்சா? போலாம் ரைட்!

ஒரு பஸ், நாலு மொழி

நம்ம தர்மபுரி பக்கத்து பஸ்ஸில் ஒரு விசேஷம் இருக்கிறது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே டிக்கெட்டில் நாலு மொழி கேட்கலாம். பின் சீட்டு அம்மாக்கள் தெலுங்கில் பேசுவார்கள். கூட்டத்துக்கு அவர்கள் சொல்வது 'ஜனம்'. ஜன்னலோர அண்ணன் போனில் கன்னடத்தில் பேசுவார். அவர் வாயில் அது 'ஜன'. நம்ம தமிழில் எழுதினால் 'ஜனம்', பேசினால் 'சனம்'. உருது பேசுகிற பாய் மட்டும் 'லோகாங்' என்பார்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குடும்பத்து மொழிகள். அப்போ 'சனம்' நம்ம குடும்பச் சொத்து என்றுதானே நினைப்பீர்கள்? அங்கேதான் ட்விஸ்ட். வெள்ளைக்காரர்கள் 'திராவிட மொழிக் குடும்பம்' என்று எழுதியபோது இந்த மாதிரி வார்த்தைகளைத்தான் முதலில் தனியாகப் பிரித்து வைத்தார்கள். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816-லேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை இல்லை, அவற்றுக்குத் தனி வேர் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். கால்டுவெல் 1856-ல் அதையே பெரிய புத்தகமாக நிறுவினார். அந்தக் கணக்கின்படி 'சனம்' நம்ம வீட்டில் பிறந்த பிள்ளை இல்லை. ரொம்ப நாளைக்கு முன்பு விருந்தாளியாக வந்து, இங்கேயே தங்கி, ரேஷன் கார்டில் பேர் ஏற்றிக்கொண்ட வார்த்தை. சமஸ்கிருதத்தின் 'ஜன' அது.

விருந்தாளி எந்த ஊரில் இருந்து வந்தார்? அதைத் தெரிந்துகொள்வதற்கு முன், வார்த்தைகளின் சொந்தபந்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்கணும். அதற்கு லைப்ரரிக்குப் போக வேண்டாம். பஸ் போர்டைப் பார்த்தாலே போதும்!

பள்ளியும் அள்ளியும்

நம்ம மாவட்டத்தில் நல்லம்பள்ளி இருக்கிறது. அதே மாவட்டத்தில் மாரண்டஅள்ளி இருக்கிறது, பைசுஅள்ளி இருக்கிறது. ஒன்று 'பள்ளி', மற்றது 'அள்ளி'. வேற வேற மாதிரி தெரிகிறதா? இரண்டும் ஒன்றேதான் பாஸ்!

'பள்ளி' என்றால் பழைய தமிழில் சிற்றூர் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. பழைய கன்னடத்திலும் அது 'பள்ளி'தான். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்பு கன்னடத்தில் ஒரு மாற்றம் ஆரம்பித்தது. வார்த்தையின் முதலில் வருகிற 'ப' மெல்ல மெல்ல 'ஹ' ஆனது. பள்ளி, ஹள்ளி ஆனது. அதைத் தமிழ் வாய் 'அள்ளி' என்று மென்றுவிட்டது.

இது ஒரே ஒரு வார்த்தையில் நடந்திருந்தால் 'ஏதோ தற்செயல்' என்று விட்டுவிடலாம். ஆனால் இந்த லிஸ்டைப் பாருங்க:

பால் – ஹாலு
பல் – ஹல்லு
புலி – ஹுலி
பூ – ஹூ
பத்து – ஹத்து

வரிசையாக, ஒழுங்காக, சொல்லி வைத்த மாதிரி மாறியிருக்கிறது இல்லையா? சொந்தத்துக்கு அடையாளம் இந்த ஒழுங்குதான். இரண்டு வார்த்தை ஒரே மாதிரி ஒலிப்பது முக்கியமில்லை. வித்தியாசம் எல்லா வார்த்தையிலும் ஒரே மாதிரி வரணும். அதுதான் மேட்டர். ஓசூர் பஸ்ஸில் தினமும் போய்வருகிற ஒருத்தருக்கு இந்த விதி தெரியாமலே தெரியும்!

கல்கத்தாவில் ஒரு நீதிபதி

இப்போ இதே விதியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தூரம் போவோம். 1786, பிப்ரவரி 2. கல்கத்தா. வில்லியம் ஜோன்ஸ் என்கிற நீதிபதி ஆசியாட்டிக் சொசைட்டியில் பேசுகிறார். வேலை கோர்ட்டில், ஆனால் மனசு முழுக்க மொழிகளில். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு அவை ஒரே மூலத்தில் இருந்து வந்தவை என்று தோன்றாமல் இருக்காது, அந்த மூலமொழி இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்று அவர் சொன்னார். இன்று 'இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பம்' என்கிறோமே, அந்த ஆராய்ச்சிக்குப் பெரிய தூண்டுதல் அந்தப் பேச்சுதான்.

அடுத்து வருகிறவர் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். ஸ்நோ ஒயிட் கதையைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்தாரே, அந்த யாக்கோப் கிரிம்! கதைகளோடு விடாமல், 1822-ல் ஓர் ஒலி விதியையும் விளக்கினார். லத்தீனில் 'க' போல வலிந்து ஒலிக்கிற 'ஜி' எழுத்து வருகிற இடத்தில், இங்கிலீஷ், ஜெர்மன் வகை மொழிகளில் 'கே' வரும். சமஸ்கிருதத்தில் அதே இடத்தில் 'ஜ' வரும்.

சோதித்துப் பார்ப்போமா?

முழங்காலுக்கு சமஸ்கிருதத்தில் 'ஜானு'. 'ஆஜானுபாகு' என்று பழைய வாத்தியார்கள் சொல்வார்களே, முழங்கால் வரை நீண்ட கை உள்ளவர் என்று அர்த்தம். லத்தீனில் 'கெனு'. இங்கிலீஷில் 'நீ'.

அறிவதற்கு சமஸ்கிருதத்தில் 'ஜ்ஞா'. நம்ம ஞானம் அங்கிருந்து வந்ததுதான். லத்தீனில் 'க்னோஸ்கோ'. இங்கிலீஷில் 'நோ'.

ஸ்கூலில் இங்கிலீஷ் டிக்டேஷனில் இந்த இரண்டு வார்த்தைக்கும் முன்னால் 'கே' போட மறந்து அடி வாங்கியவர்கள் கை தூக்குங்க! உச்சரிக்காத எழுத்தை எதுக்கு வைத்திருக்கிறார்கள் என்று திட்டியிருப்பீர்கள். அந்த 'கே' ஒரு காலத்தில் நிஜமாகவே உச்சரிக்கப்பட்டது. கிரிம் சொன்ன விதிக்கு சாட்சியாக இன்னும் எழுத்தில் நிற்கிறது.

சரி, இப்போ நம்ம ஹீரோவுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் 'ஜன'. விதிப்படி லத்தீனில் 'கென்' இருக்கணும். இருக்கிறது! 'கென்ஸ்' என்றால் குலம், 'கெனுஸ்' என்றால் இனம். கிரேக்கத்தில் 'கெனோஸ்'. இங்கிலீஷில் 'கே'-யில் ஆரம்பிக்கணும். இருக்கிறது! 'கின்' என்றால் சொந்தபந்தம். ஜெர்மனில் 'கிண்ட்' என்றால் குழந்தை. பெர்சியனில் அது 'ஜா' ஆகி, 'ஷாஜாதா' என்கிற வார்த்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ராஜாவுக்குப் பிறந்தவன் என்று அர்த்தம். நம்ம பஸ்ஸில் உருது பேசுகிற பாய்க்கும் தெரிந்த வார்த்தை.

இத்தனைக்கும் அடியில் இருக்கிற வேர் ஏறக்குறைய 'கென்' என்று ஒலித்திருக்கும் என்கிறார்கள் மொழியியலாளர்கள். 5000, 6000 வருஷத்துக்கு முந்தைய மொழி. எழுதி வைத்த ஆதாரம் ஒரு துண்டு கிடையாது. பேத்திகளின் முகத்தை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போட்டோவே எடுக்காத கொள்ளுப்பாட்டியின் முகத்தை வரைகிற மாதிரி வேலை இது. அதனால்தான் இப்படி மீட்டெடுத்த வேர்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். 'நாங்க நேரில் பார்க்கலை, கணக்குப் போட்டுச் சொல்றோம்' என்று அர்த்தம்.

அந்த வேரின் அர்த்தம் என்ன தெரியுமா? பிறப்பது, பெறுவது. அவ்வளவுதான். சனம் என்றால் பிறந்தவர்கள்!

உங்க காலேஜிலேயே இருக்கு

'அதெல்லாம் ரோம், கிரீஸ் கதை' என்று கொட்டாவி விடாதீங்க. இதே வேர் உங்க காலேஜ் காம்பவுண்டுக்குள்ளேயே முளைத்துக் கிடக்கிறது.

கரன்ட் போனால் பின்பக்கம் தடதடக்கிற ஜெனரேட்டர், கரன்டைப் 'பிறப்பிக்கிறது'. பயாலஜி லேபில் ஜீன். கெமிஸ்ட்ரி லேபில் ஹைட்ரஜன், அதாவது தண்ணீரைப் பிறப்பிப்பது. 'உங்க ஜெனரேஷனே இப்படித்தான்' என்று அப்பா திட்டுகிறாரே, அந்த ஜெனரேஷன். இன்ஜினீயரிங் படிக்கிறவர்களுக்கு ஒரு ஸ்பெஷல் செய்தி: பிறவித் திறமைக்கு லத்தீனில் 'இங்கெனியம்' என்று பெயர். அதில் இருந்துதான் இன்ஜின், அதில் இருந்துதான் இன்ஜினீயர். அரியர் வைத்திருப்பவர்கள் வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்க!

'நேஷன்' என்கிற வார்த்தையும் இங்கேதான் வருகிறது. லத்தீனில் 'பிறந்த' என்பதற்கு முதலில் 'க்னாதுஸ்', பிறகு முன்னால் இருந்த 'க்' உதிர்ந்து 'நாதுஸ்'. அதில் கிளைத்தது 'நாட்டியோ'. ஒரு மண்ணில், ஒரு கூட்டத்தில் பிறந்தவர்கள். மொழியியலில் உறவுள்ள வார்த்தைகளை 'காக்னேட்' என்பார்கள். கூடப் பிறந்தது என்று பொருள். அதுவும் இதே வேர்தான். 1950-ல் தேசிய கீதமாக ஏற்கப்பட்ட 'ஜன கண மன'வின் முதல் வார்த்தையும் இதுதான். உத்தரப் பிரதேசத்தில் மாவட்டத்தையே 'ஜனபத்' என்கிறார்கள். சனம் கால் வைத்த இடம்!

மெக்டொனால்ட் நம்ம மச்சானா?

இதைப் படித்ததும் சிலருக்குக் கை பரபரக்கும். 'அப்போ நானும் கண்டுபிடிக்கிறேன் பார்' என்று இரண்டு மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் ஃபார்வர்டு பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பிரேக் போடுங்க.

உதாரணத்துக்கு, பர்கர் கடைப் பெயரான மெக்டொனால்ட். 'மக்' என்றால் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மொழிகளில் மகன். டொனால்டின் மகன், மெக்டொனால்ட். தமிழில் மக, மகன். அடடா, ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கே!

ஆனால் நம்ம பள்ளி-அள்ளி டெஸ்ட்டை வைத்துப் பாருங்க. அயர்லாந்தின் பழைய கல்வெட்டுகளில் அந்த வார்த்தையின் முடிவில் 'க்வ' போன்ற வேறொரு ஒலி இருக்கிறது. உறவு மொழியான வெல்ஷில் அதே வார்த்தை 'மாப்' ஆகி நிற்கிறது. அந்தப் பாதை அந்தக் குடும்பத்துக்குள்ளேயே போகிறது. தமிழ் மகனோடு இதை இணைக்க, வரிசையாக வேறு எந்த வார்த்தையும் துணைக்கு வருவதில்லை. ஆக, இது வெறும் முக ஜாடை. டெஸ்ட்டில் ஃபெயில்!

மாறாக, 'மனுஷன்' என்கிற வார்த்தையையும் இங்கிலீஷ் 'மேன்' என்பதையும் எடுங்க. மனுஷன் சமஸ்கிருதம் வழியாக வந்தவன். அவனும் 'மேனு'ம் நிஜமாகவே ஒரே குடும்பம். பாஸ்!

அதியமான் பெயரில் ஒரு ரகசியம்

சனம் விருந்தாளி என்றால், நம்ம வீட்டுப் பிள்ளை யார்? மக்கள்!

'மக்கள்' என்றால் தமிழில் இரண்டு அர்த்தம். ஒன்று, பிள்ளைகள். 'எனக்கு மூணு மக்க' என்று நெல்லைப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். இன்னொன்று, ஜனங்கள். மக்கள்தொகை, மக்களவை. கன்னடத்தில் 'மக்களு' என்றால் பிள்ளைகள் மட்டும்தான். மலையாளத்திலும் அப்படியே. பெற்ற பிள்ளையைக் குறித்த வார்த்தை தமிழில் ஊரையே குறிக்கிற வார்த்தையாக விரிந்திருக்கிறது. தொல்காப்பியம் உயர்திணை எது என்று சொல்லும்போது கைகாட்டுவதும் 'மக்கள்' என்கிற இந்தச் சொல்லைத்தான்.

இப்போ இரண்டையும் பக்கத்தில் வைங்க. சமஸ்கிருத 'ஜன' பிறப்பில் இருந்து வந்தது. தமிழ் 'மக்கள்' பிள்ளையில் இருந்து வந்தது. உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், ஒன்றை ஒன்று காப்பியடிக்காமல், ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. மனிதக் கூட்டத்துக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தபோது இருவருக்கும் ஞாபகம் வந்தது குழந்தை!

இந்த இரண்டு குடும்பங்களும் ஒரு பெயரில் சந்தித்த இடம் எது தெரியுமா? நம்ம தகடூர். தர்மபுரியின் பழைய பெயர்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தன் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டில் தென்னாட்டு அரசுகளை வரிசைப்படுத்துகிறார். சோழர், பாண்டியரோடு 'ஸதியபுதோ' என்று ஒரு பெயர். யார் இவர்கள்? ரொம்ப நாள் ஆராய்ச்சியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்கிற ஊரில் ஒரு தமிழ்-பிராமி கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த கற்படுக்கை பற்றிய சின்னக் கல்வெட்டு. அதில் அவன் பெயருக்கு முன்னாலேயே அதே 'ஸதியபுதோ'!

'புதோ' என்பது 'புத்திரன்' என்பதன் பிராகிருத வடிவம். மகன். ஆய்வாளர்கள் தருகிற விளக்கம் என்னவென்றால், அதியமான் என்பதே 'அதிய மகன்' என்பதன் சுருக்கம். மகன் என்பது தேய்ந்து 'மான்' ஆகிவிட்டது. அதியர் குலத்தின் பிள்ளை. அசோகர் ஆட்கள் அந்தத் தமிழ் 'மகன்' என்பதை 'புதோ' என்று தங்கள் மொழியில் மாற்றிக்கொண்டார்கள். கேரளபுதோ – சேரமான் ஜோடியும் இதே மாதிரிதான்.

ஆக, சேலம் பஸ்ஸில் போகும்போது 'அதியமான்கோட்டை எறங்குறவங்கல்லாம் வாங்க' என்று கண்டக்டர் கத்தும்போது, அந்தப் பெயருக்குள் 'மக்கள்' என்கிற சொல்லின் ஒருமை ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது.

ஜெர்மனியில் நடந்தது

இதுவரை ஜாலி. இனிமேல் கொஞ்சம் சீரியஸ்.

ஐரோப்பாவில் 'மக்கள்' என்பதற்கு இன்னொரு பழைய வார்த்தை உண்டு. லித்துவேனியாவில் 'தவ்தா', அயர்லாந்தில் 'துவா', பழைய ஜெர்மானிய மொழிகளில் 'தியுதா' மாதிரி. எல்லாமே 'நம்ம கூட்டம்', 'நம்ம நாடு' என்கிற பொருள். லத்தீனில் பேசிய படித்தவர்கள் நடுவே, சாதாரண ஜனங்கள் பேசிய பேச்சுக்கு 'சனங்களோட பேச்சு' என்று பெயர் வந்தது. 786-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் லத்தீன் வடிவம் இருக்கிறது. அந்த வார்த்தைதான் தேய்ந்து 'டாய்ச்' ஆனது. ஜெர்மானியர்கள் தங்கள் மொழிக்கு வைத்திருக்கிற பெயர்! 'டச்சு'ம் அதே வார்த்தைதான்.

அதே நாட்டில் மக்களுக்கு இன்னொரு சொல் 'ஃபோல்க்'. இங்கிலீஷில் 'ஃபோக்' என்கிறோமே, அதன் உறவு. ஹிட்லர் 1933-ல் ஆட்சிக்கு வந்ததும் இந்த எளிய வார்த்தைக்குப் பூட்டுப் போட்டார். ரத்தம் பார்த்து, பாட்டன் பூட்டனைப் பார்த்து, யார் 'ஃபோல்க்', யார் இல்லை என்று 1935-ல் சட்டமே வந்தது. பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும்.

1989, அக்டோபர் 9. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் சுமார் 70,000 பேர் தெருவில் நடந்தார்கள். அரசாங்கம் 'மக்கள்' பெயரால் ஆள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் எழுப்பிய கோஷத்தின் அர்த்தம், 'நாங்கதான் மக்கள்!' ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. ஒரே வார்த்தைதான். ஒரு தலைமுறை அதைப் பூட்டாக்கியது, இன்னொரு தலைமுறை சாவியாக்கியது.

ஒரே வேர், இரண்டு கிளை

திரும்ப நம்ம பஸ்ஸுக்கு வாங்க. பெரியவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

'என்ன சனம்?' என்று அவர் கேட்டது சாதியை. 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பதும் அதைத்தான். 'ஆள்' நம்ம சொந்தத் தமிழ் வார்த்தை. விருந்தாளி வார்த்தையோ, வீட்டு வார்த்தையோ, மனுஷனைக் குறிக்கிற எதுவும் நம்மிடம் இந்தக் கேள்வியில் இருந்து தப்பவில்லை.

இன்னொரு உண்மையையும் இங்கே சொல்லியாகணும். 'ஜாதி' என்கிற சொல்லும் 'ஜன' என்கிற அதே வேரில் இருந்துதான் வருகிறது. பிறப்பு என்றுதான் அதற்கும் அர்த்தம். ஆக, எல்லாரையும் அள்ளிக்கொள்கிற 'சனம்', ஆளாளுக்குக் கோடு போடுகிற 'சாதி', இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்தக் கோடு என்ன செய்யும் என்பது நம்ம மாவட்டத்துக்குத் தெரியாததா? 2012, நவம்பர் 7. சாதி கடந்து நடந்த ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து, தர்மபுரி பக்கத்து நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளை போயின, எரிந்தன. சர்டிஃபிகேட், புத்தகம், சேர்த்து வைத்த நகை, பணம் எல்லாம் சாம்பல். தாக்கியவர்களும் சனம், ஓடியவர்களும் சனம். அந்த ராத்திரியில் ஊர் அந்த வார்த்தையின் சின்ன அர்த்தத்தைத் தேர்ந்தெடுத்தது.

இப்போ அதே வேரின் இன்னொரு கிளையைப் பாருங்க. இங்கிலீஷில் 'கின்' என்றால் சொந்தம் என்றோமே, அதில் இருந்து வந்த இன்னொரு வார்த்தை 'கைண்ட்'. அதற்கு 'வகை' என்று ஓர் அர்த்தம். இன்னொரு அர்த்தம், அன்பானவர். சொந்தக்காரரிடம் இயல்பாகக் காட்டுகிற பரிவுக்கு வைத்த பெயர், போகப் போக முன்பின் தெரியாதவரிடம் காட்டுகிற பரிவுக்கும் பெயராகிவிட்டது. அதே வேர். அதே 'பிறப்பு'. ஒரு மண்ணில் அது சாதி என்று காய்த்தது. இன்னொரு மண்ணில் அன்பு என்று காய்த்தது. இங்கிலீஷ்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. நாடு நாடாகப் பிடித்து ஆண்டவர்கள் அவர்கள். சொல்ல வருவது, வேரில் ஒரு விதியும் எழுதியிருக்கவில்லை என்பதைத்தான். ஒரு சொல் எந்தப் பக்கம் வளரணும் என்பதை அதைப் பேசுகிற வாய்தான் முடிவு பண்ணுகிறது.

அந்த வாய் இன்றைக்கு உங்களுடையது.

இந்த வாரத்துக்கு ஒரு ஹோம்வொர்க்

ஹாஸ்டல் ரூமில், கேன்டீனில் ஒரு பேப்பரை எடுங்க. உங்க செட்டில் எத்தனை ஊர், எத்தனை வீட்டு மொழி இருக்கிறதோ அத்தனையிலும் 'மக்கள்' என்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்க. சனம், ஜன, லோகாங், ஆளுங்க, மக்க... லிஸ்ட் நீளும். பாட்டிகளைக் கேட்டால் இன்னும் நீளும். ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டம் போடுங்க. 'எல்லாரும்' என்கிற அர்த்தத்தில் யார், எப்போ சொன்னார்கள்? 'நாங்க மட்டும்' என்கிற அர்த்தத்தில் யார், எப்போ சொன்னார்கள்? இரண்டு கட்டத்தில் எது அதிகம் நிரம்புகிறது என்று பார்த்தால் உங்க ஊரின் ஸ்கேன் ரிப்போர்ட் கையில் கிடைத்துவிடும்.

அப்புறம், பெரியவருக்குப் பதில் சொல்லணுமே! அவரை முறைக்க வேண்டாம். அவர் காலத்தில் அந்தக் கேள்வி சகஜம். ஆனால் பதிலை நீங்க மாற்றலாம். பஸ் பாலக்கோடு ஸ்டாண்டில் திரும்புகிறது. இன்னும் ஒரு பெரிய கூட்டம் படியில் ஏறுகிறது. இடுப்பில் குழந்தையோடு ஒரு அக்கா நிற்க இடமில்லாமல் தடுமாறுகிறார். எழுந்து அவருக்கு சீட்டைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்க:

"இந்த பஸ்ல வர்ற சனம்தாங்க தாத்தா."